அருகமைப் பள்ளியும் அரசின் கடமையும்: மாற்றுத்திறன் மாணவர்களின் கல்வி உரிமை

(சங்கரன்கோவில் பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

உரிமையின் இரு பகுதிகள்

மாற்றுத்திறன் மாணவருக்குக் கல்வியில் உள்ள உரிமை இரண்டு பகுதிகள் கொண்டது. பள்ளியில் சேர்வது முதல் பகுதி. சேர்ந்தபின் மற்றவர்களோடு சமமாகக் கற்பதற்கு வேண்டிய உதவியைப் பெறுவது இரண்டாம் பகுதி. முதலாவதை மட்டும் கொடுத்து இரண்டாவதை விட்டுவிட்டால் வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும், படிப்பு இருக்காது. பிரெய்ல் நூல் இல்லாத வகுப்பறை பார்வையற்ற சிறுமிக்கு வெறும் உட்காரும் இடம். படிக்கட்டு மட்டுமே உள்ள பள்ளிக்குச் சக்கர நாற்காலியில் வரும் சிறுவன் நாள்தோறும் பிறர் தூக்கிவிடக் காத்திருக்க வேண்டும்.

இந்த இரண்டாம் பகுதியை நெடுங்காலம் சமூகம் தருமமாகவே கருதியது. கருணையுள்ள ஆசிரியர் வாய்த்தால் உதவி கிடைக்கும், மாற்றலாகிப் போனால் நின்றுவிடும். குறைபாடு மாணவரின் உடலில் இருக்கலாம், ஆனால் அவரைத் தடுப்பதில் பெரும்பங்கு கட்டடத்துக்கும் பாடநூலுக்கும் தேர்வு விதிக்கும் உண்டு என்ற புரிதல் வந்தபிறகே உதவி என்பது உரிமையின் ஒரு பகுதியாயிற்று. ஐக்கிய நாடுகள் அவை 2006 டிசம்பர் 13-இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை இந்தப் புரிதலின் மேல் எழுந்தது. இந்தியா அதை 2007 அக்டோபர் 1-இல் உறுதிசெய்தது. தமிழ்நாட்டு அரசு ‘ஊனமுற்றோர்’ என்ற சொல்லை விட்டு ‘மாற்றுத்திறனாளி’ என்பதைக் கைக்கொண்டது 2010-இல்.

சட்டம் தில்லியில் இயற்றப்படுகிறது, திட்டம் சென்னையில் வகுக்கப்படுகிறது. உரிமை கிடைத்ததா இல்லையா என்பதோ சங்கரன்கோவில், குருவிகுளம், மேலநீலிதநல்லூர் போன்ற வட்டாரங்களில் ஒரு குழந்தையின் வீட்டுக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் இடையே உள்ள தூரத்தில்தான் முடிவாகிறது.

பாளையங்கோட்டை முதல் ஆய்க்குடி வரை

தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22-இல் உருவாகும்வரை சங்கரன்கோவில் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அந்தப் பழைய மாவட்டம் இந்தியச் சிறப்புக் கல்வி வரலாற்றில் முன்வரிசையில் நிற்பது. மிஷனரியான ஆஸ்க்வித் அம்மையார் 1890-இல் பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கான கல்விப் பணியைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் பார்வையற்றோர் பள்ளி அமிர்தசரசில் தொடங்கி அப்போது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. அதே பத்தாண்டில் பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் பாளையங்கோட்டையிலேயே செவித்திறன் குறைந்தோருக்கான பள்ளியை நிறுவினார். இரண்டு பள்ளிகளும் இன்றும் நடக்கின்றன. தென்மாவட்டங்களின் பார்வையற்ற, காதுகேளாத குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக அங்கே விடுதியில் தங்கிப் படித்து வேலைக்குப் போயிருக்கிறார்கள்.

விடுதியோடு கூடிய சிறப்புப் பள்ளியின் பலமும் குறையும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன. ஒரே வகைத் தேவையுள்ள குழந்தைகள் ஓரிடத்தில் கூடுவதால் பயிற்சி பெற்ற ஆசிரியரும் கருவியும் அங்கே அமைகின்றன. காதுகேளாத குழந்தைகளுக்கு இதன் பயன் இன்னும் பெரிது. சைகை மொழி பிறரோடு பேசிப் பேசி வளர்வது. கேட்கும் திறனுள்ள நாற்பது பேர் நடுவே தனியாக உட்காரும் காதுகேளாத குழந்தைக்கு அந்த வாய்ப்பு இல்லை. மறுபக்கம், ஐந்தாறு வயதிலேயே வீட்டையும் ஊரையும் பிரிய வேண்டியிருக்கிறது. ஊர்ப்பிள்ளைகளும் மாற்றுத்திறன் குழந்தையோடு பழகாமலே வளர்கிறார்கள். இடம் கிடைக்காத, அனுப்ப மனம் வராத, அனுப்ப வழியில்லாத குடும்பங்களின் குழந்தைகள் படிக்காமலே நின்றுவிடுகிறார்கள்.

அடுத்த கட்டம் இன்றைய தென்காசி மாவட்டத்துக்கு உள்ளேயே நிகழ்ந்தது. ஆய்க்குடியைச் சேர்ந்த பொறியியல் மாணவர் எஸ். ராமகிருஷ்ணன் 1975-இல் பெங்களூரில் கடற்படை அதிகாரி தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தார். அவர் 1981-இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். தமக்குச் சிகிச்சை அளித்த இராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரை அதற்கு வைத்தார். தசைச்சிதைவு நோயுள்ள பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் பின்னர் அவரோடு இணைந்தார். பள்ளி, தெரபி மையம், தொழிற்பயிற்சி என்று வளர்ந்த சங்கம் பிறகு தன் வளாகத்தைத் தாண்டிக் கிராமங்களுக்குச் சென்றது. குழந்தை மையத்துக்கு வர முடியாவிட்டால் பணியாளர் குழந்தையின் வீட்டுக்குப் போவது என்பதே கிராம அளவிலான மறுவாழ்வுப் பணியின் சாரம். ராமகிருஷ்ணனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இவ்வளவு காலத்தில் குழந்தைகளின் தேவையும் மாறியது. அன்று சிற்றூர்ப் பள்ளிகளில் அதிகம் காணப்பட்டவர்கள் இளம்பிள்ளை வாதத்தால் கால் செயலிழந்தவர்கள். இந்தியா போலியோ இல்லாத நாடு என்று 2014 மார்ச் 27-இல் சான்று பெற்றது. கேலிப்பரும் மூன்று சக்கர வண்டியும் கொடுத்தால் போதும் என்றிருந்த காலம் அத்தோடு முடிந்தது. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு ஆகியவற்றுக்குக் கருவி ஒருமுறை கிடைத்தால் போதாது, பயிற்சி வாரந்தோறும் தொடர வேண்டும். வாரந்தோறும் தேவைப்படும் ஒன்று நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் இருந்தால் அது கிடைக்காததற்குச் சமம்.

சட்டம் வளர்ந்த வழி

மாற்றுத்திறன் குழந்தைகளை இயன்றவரை பொதுப்பள்ளியில் சேர்க்கலாம் என்று கோத்தாரி கல்விக் குழு (1964–66) பரிந்துரைத்தது. அதன் வழியில் 1974-இல் ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் வந்தது. சிறப்பாசிரியர் பயிற்சியை முறைப்படுத்த 1992-இல் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம் இயற்றப்பட்டது. 1994-இல் ஸ்பெயினின் சலமான்கா நகரில் கூடிய உலக மாநாடு, எல்லாக் குழந்தைகளும் ஒரே பள்ளியில் என்பதை அரசுகளின் பொதுக் கொள்கையாக முன்வைத்தது. இந்தியாவின் முதல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 1995-இல் வந்தது. அது ஏழு வகைக் குறைபாடுகளையே அங்கீகரித்தது, கல்வி நிறுவனங்களில் மூன்று விழுக்காடு இடம் ஒதுக்கியது.

அரசமைப்பின் 21-ஏ பிரிவு ஆறு முதல் பதினான்கு வயதுவரை கல்வியை அடிப்படை உரிமையாக்க, அதைச் செயல்படுத்தும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது. 2012-இல் செய்த திருத்தம் மாற்றுத்திறன் குழந்தைகளை வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினரில் சேர்த்தது. கடுமையான குறைபாடுள்ள குழந்தை வீட்டிலிருந்தே கற்கும் வழியைத் தேர்ந்தெடுக்கலாம் என்றும் கூறியது. சங்கரன்கோவில் வட்டாரத்துக்கு முக்கியமான இன்னொன்று தமிழ்நாட்டு விதிகளில் உள்ளது. ஐந்தாம் வகுப்புவரை ஒரு கிலோமீட்டருக்குள், எட்டாம் வகுப்புவரை மூன்று கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும். இதுவே அருகமைப் பள்ளி.

இன்று நடைமுறையில் இருப்பது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். 2017 ஏப்ரல் 19-இல் அது அமலுக்கு வந்தது. அங்கீகரிக்கப்பட்ட குறைபாடுகள் ஏழிலிருந்து 21 ஆயின. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தசைச்சிதைவு, பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு, தலசீமியா, ஹீமோபிலியா, அமில வீச்சால் நேர்ந்த பாதிப்பு முதலியவை புதிதாகச் சேர்ந்தன. உயர்கல்வி நிறுவனங்களில் இட ஒதுக்கீடு ஐந்து விழுக்காடாக உயர்ந்தது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்புள்ள குழந்தைக்கு ஆறு முதல் பதினெட்டு வயதுவரை இலவசக் கல்வி உண்டு. அதை அருகமைப் பள்ளியில் பெறுவதா, சிறப்புப் பள்ளியில் பெறுவதா என்பது குழந்தையின் பக்கம் விடப்பட்ட தேர்வு. பாளையங்கோட்டை வழியும் ஊர்ப்பள்ளி வழியும் இரண்டுமே திறந்திருக்க வேண்டும் என்பது இதன் பொருள். ஊர்ப்பள்ளியில் வசதி இல்லாததால் வேறு வழியின்றி விடுதிக்குப் போவதைத் தேர்வு என்று சொல்ல முடியாது.

பள்ளியின் கடமைகள்

சட்டத்தின் 16-ஆவது பிரிவு அரசு நடத்தும், அரசின் நிதி அல்லது அங்கீகாரம் பெற்ற எல்லாக் கல்வி நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும். அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, மெட்ரிக் பள்ளி மூன்றும் இதில் அடங்கும். பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும். விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் சம வாய்ப்பு தர வேண்டும். கட்டடமும் வளாகமும் எல்லோரும் புழங்கத்தக்கதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு மாணவரின் தேவைக்கேற்ப நியாயமான வசதி செய்து கொடுக்க வேண்டும். பார்வையற்ற, காதுகேளாத மாணவர்களுக்கு ஏற்ற மொழியிலும் முறையிலும் கற்பிக்க வேண்டும். கற்றல் குறைபாட்டை விரைவில் கண்டறிய வேண்டும். முன்னேற்றத்தைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். போக்குவரத்து வசதி தர வேண்டும், அதிக உதவி தேவைப்படும் குழந்தையோடு வரும் துணையாளுக்கும் சேர்த்து.

இந்தப் பட்டியலில் மற்றவற்றைத் தாங்கி நிற்பது ‘நியாயமான வசதி’ என்ற கருத்து. பொதுவான வசதி எல்லோருக்கும் முன்கூட்டியே செய்யப்படுவது, சாய்தளம் அதற்கு எடுத்துக்காட்டு. நியாயமான வசதியோ குறிப்பிட்ட ஒரு மாணவருக்காகச் செய்யும் மாற்றம். நடக்கச் சிரமப்படும் மாணவியின் வகுப்பை மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு மாற்றுவது, குறைந்த பார்வையுள்ள மாணவருக்குப் பெரிய எழுத்தில் வினாத்தாள் தருவது, உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் மாணவரை முன்வரிசையில் அமர்த்திக் கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பேசாதிருப்பது ஆகியவை இந்த வகை. பெரும்பாலானவற்றுக்குச் செலவே இல்லை. நிறுவனத்துக்கு அளவுமீறிய சுமையாக இருந்தாலொழிய அதை மறுக்கக் கூடாது, மறுத்தால் சட்டப்படி அது பாகுபாடு. 16-ஆவது பிரிவில் 40 விழுக்காடு என்ற வரம்பு இல்லை. சான்றிதழ் கைக்கு வரவில்லை என்ற காரணம் குழந்தையைத் திருப்பி அனுப்பப் போதுமானதன்று.

அடுத்த பிரிவு அரசின் கடமைகளைச் சொல்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பள்ளி வயது மாற்றுத்திறன் குழந்தைகளைக் கணக்கெடுப்பது, பிரெய்லும் சைகை மொழியும் அறிந்த ஆசிரியர்களை நியமிப்பது, அவர்களில் மாற்றுத்திறனாளி ஆசிரியர்களும் இருப்பது, வள மையங்கள் அமைப்பது, நூலும் கருவியும் பதினெட்டு வயதுவரை இலவசமாகத் தருவது, உதவித்தொகை வழங்குவது, பாடத்திட்டத்தையும் தேர்வுமுறையையும் தேவைக்கேற்ப மாற்றுவது ஆகியன அவை. கணக்கெடுப்பு முதலில் வைக்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் 2.68 கோடி, தமிழ்நாட்டில் சுமார் 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகளைப் பதிவு செய்தது. அப்போது கேட்கப்பட்டவை பழைய வகைப்பாடுகளே. கற்றல் குறைபாடுள்ள குழந்தைகள் அந்த எண்ணிக்கையில் தனியாக இல்லை. எண்ணப்படாத குழந்தைக்கு ஆசிரியர் பணியிடமும் ஒதுக்கப்படுவதில்லை.

சான்றிதழும் அடையாள அட்டையும்

பள்ளியில் சேரச் சான்றிதழ் தேவையில்லை என்றாலும் உதவித்தொகை, பேருந்துச் சலுகை, தேர்வுச் சலுகை, இட ஒதுக்கீடு அனைத்துக்கும் அது வேண்டும். பாதிப்பின் அளவை அரசு மருத்துவர் குழு மதிப்பிட்டு விழுக்காட்டில் குறிக்கிறது. இப்போது நாடு முழுவதற்கும் பொதுவான தனித்துவ அடையாள அட்டை வழங்கப்படுகிறது. விண்ணப்பம் இணையம் வழியாகவே. அட்டையின் நிறம் பாதிப்பின் அளவைக் காட்டும்: 40 விழுக்காட்டுக்குக் குறைந்தால் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம்.

சிக்கல் மதிப்பீட்டில் இருக்கிறது. கால் குறைபாட்டை எலும்பு மருத்துவர் பார்த்துச் சொல்லிவிடலாம். செவித்திறனை அளக்கக் கருவி வேண்டும், அறிவுசார் குறைபாட்டுக்கும் கற்றல் குறைபாட்டுக்கும் பயிற்சி பெற்ற உளவியலாளர் வேண்டும். இவர்கள் எல்லோரும் ஒரே நாளில் ஓரிடத்தில் கிடைப்பது பெரிய மருத்துவமனைகளில்தான். சங்கரன்கோவில் குடும்பங்களுக்கு முன்பு அந்த இடம் திருநெல்வேலி, இப்போது தென்காசி. தறிப்பட்டறையிலோ காட்டு வேலையிலோ நாள்கூலி பெறும் பெற்றோருக்கு ஒருமுறை போய்வருவது ஒருநாள் கூலியை இழப்பது. மருத்துவர் விடுப்பில் இருந்தால் இரண்டு நாள். பள்ளிக் கல்வித் துறை ஆண்டுதோறும் வட்டார அளவில் மருத்துவ முகாம் நடத்துவது இதனால்தான். மருத்துவர்கள் ஊருக்கு வந்து, மதிப்பீடும் அட்டைப் பதிவும் ஒரே இடத்தில் முடிந்தால் பல மாத அலைச்சல் ஒரு நாளில் தீரும்.

கற்றல் குறைபாட்டுக்குத் தனி விதி உண்டு. 2018-இல் மைய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் எட்டு வயது முதல் சான்றிதழையும் 14, 18 வயதுகளில் மறுமதிப்பீட்டையும் வகுத்தது. எழுத்துகள் இடம் மாறித் தெரிவது, எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுவது, எண்களின் இடமதிப்பு பிடிபடாமல் போவது ஆகியவை சோம்பலின் அடையாளம் இல்லை என்று முதலில் உணர வேண்டியவர் மூன்றாம் வகுப்பு ஆசிரியர். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆசிரியரே முதல்கட்டமாகக் குழந்தைகளைச் சோதித்துப் பதிவு செய்ய ‘நலம் நாடி’ என்ற செயலி பயன்படுத்தப்படுகிறது. ஆசிரியரின் பதிவு நோய் முடிவன்று. எந்தக் குழந்தையை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதற்கான அறிகுறி மட்டுமே.

வட்டார வள மையத்தின் பணிகள்

பள்ளிக் கல்வியில் உதவிச் சேவைகளை நடத்துவது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம். 2018-இல் மூன்று பழைய திட்டங்களை இணைத்து மைய அரசு உருவாக்கியது இது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு ஒன்றியத்திலும் உள்ள வட்டார வள மையமே அதன் கை. சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவரும் அங்கிருந்து இயங்குகிறார்கள். அவர்களின் பணி மூன்று இடங்களில் நடக்கிறது.

முதலாவது, பள்ளி. சிறப்புப் பயிற்றுநர் ஒவ்வொரு பள்ளிக்கும் குறிப்பிட்ட நாளில் சென்று மாற்றுத்திறன் குழந்தைக்குத் தனிக் கவனம் தருகிறார், வகுப்பாசிரியருக்கும் வழி சொல்கிறார். இரண்டாவது, மையம். பள்ளிக்குப் பழக்கப்படுத்தும் பயிற்சி, இயன்முறைச் சிகிச்சை, பேச்சுப் பயிற்சி ஆகியவை அங்கே நடக்கின்றன. மூன்றாவது, வீடு. படுக்கையிலேயே இருக்கும் குழந்தையைப் பயிற்றுநர் வீட்டுக்குச் சென்று பார்க்கிறார். அங்கே பாடத்தைவிட முக்கியமானவை தானே உண்பது, உட்கார்வது, தேவையைத் தெரிவிப்பது போன்ற அன்றாடத் திறன்கள். அவற்றை அம்மாவுக்கும் பாட்டிக்கும் கற்றுத் தருவதும் பயிற்றுநரின் வேலை, ஏனெனில் வாரத்தின் மற்ற நாட்களில் பயிற்சி தருபவர்கள் அவர்களே.

இத்திட்டம் ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய்வரை ஒதுக்குகிறது. மாற்றுத்திறன் மாணவியருக்கு மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதங்களுக்கு ஊக்கத்தொகை உண்டு. பயணப்படி, துணையாள் படி, உதவிக் கருவி ஆகியவையும் வழங்கப்படுகின்றன. மாணவியருக்குத் தனியே தொகை வைத்திருப்பதற்குக் காரணம், குறைபாடும் பெண்பிள்ளை என்பதும் சேர்ந்தால் படிப்பு விரைவில் நிற்கும் என்பதே. கைப்பிடி பொருத்திய, சக்கர நாற்காலி நுழையும் அளவு கதவுள்ள கழிப்பறை இல்லாத பள்ளியிலிருந்து பூப்பெய்திய மாணவி நின்றுவிட்டால் அதற்கு ஊக்கத்தொகை மருந்தாகாது.

பயிற்றுநர் எண்ணிக்கைதான் இந்த ஏற்பாட்டின் பலவீனம். ஒரே பயிற்றுநர் பல பள்ளிகளுக்குப் போகும்போது ஒரு குழந்தைக்குக் கிடைக்கும் நேரம் சுருங்குகிறது. ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபர் 28-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தொடக்க நிலையில் பத்துக் குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர் விகிதத்தைக் குறிப்பிட்டது.

பள்ளி வயதுக்கு முன்பே தொடங்கும் உதவியின் பலன் மிகப் பெரிது. மூளை முடக்குவாதமுள்ள குழந்தைக்கு முதல் மூன்றாண்டுகளில் தரும் பயிற்சியின் பயன் பத்து வயதில் தொடங்கினால் கிடைப்பதில்லை. அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் பிறந்தது முதல் 18 வயதுவரை குழந்தைகளைப் பரிசோதிக்கும் தேசியத் திட்டம் 2013-இல் தொடங்கியது. மாவட்ட அளவிலான ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் அதன் பகுதி. உலக வங்கி உதவியுடன் தமிழ்நாடு நடத்தும் உரிமைகள் திட்டத்தின் ‘விழுதுகள்’ மையங்கள், மாவட்டத் தலைநகரில் குவிந்திருந்த தெரபிச் சேவைகளைக் கீழ்நிலைக்குக் கொண்டுவரும் நோக்கம் கொண்டவை.

பேருந்தும் கட்டடமும்

தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிரோடு மாற்றுத்திறனாளிகளும் அவர்களின் துணையாள் ஒருவரும் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். சிற்றூரிலிருந்து சங்கரன்கோவிலுக்குப் படிக்க வரும் மாணவருக்கு இது பெரிய உதவி. ஆனால் கட்டணம் இல்லாதது ஏற முடிவதாகாது. உயர்ந்த படிகளும் குறுகிய வாசலும் உள்ள பேருந்தில் சக்கர நாற்காலிக்கு இடமில்லை. பள்ளி விடும் நேரத்துக் கூட்டத்தில் ஊன்றுகோலோடு ஏறுவதும் கடினம். பேருந்து பயன்படாத குழந்தைக்குப் பயணப்படியோ தனி வாகனமோ தருவது சலுகையன்று, 16-ஆவது பிரிவு சொல்லும் கடமை.

கட்டடத்தில் முதலில் பார்க்க வேண்டியது சாய்தளம். உயரம் ஒரு பங்கு என்றால் நீளம் பன்னிரண்டு பங்கு இருக்க வேண்டும் என்பது விதி. தரையிலிருந்து அரை மீட்டர் உயர்ந்த வகுப்பறைக்கு ஆறு மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். இடம் போதவில்லை என்று மூன்று மீட்டரில் கட்டி முடித்தால் கணக்கில் சாய்தளம் ஏறிவிடும், நாற்காலி ஏறாது. கைப்பிடி, வழுக்காத தரை, திரும்புவதற்குச் சமதளம் மூன்றும் சேர்ந்தால்தான் அது பயன்படும். குடிநீர்க் குழாய், கழிப்பறை, சத்துணவுக் கூடம், ஆய்வகம் ஆகியவற்றுக்கும் அதே வழி தொடர வேண்டும். 2024 நவம்பர் 8-இல் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், இத்தகைய அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருப்பது சட்டத்துக்குப் பொருந்தாது என்று கூறி, கட்டாய விதிகளை வகுக்க மைய அரசுக்கு உத்தரவிட்டது.

பாடநூலும் கற்பித்தலும்

பார்வையற்ற மாணவருக்குப் பிரெய்ல், ஒலிநூல், கணினித் திரைவாசிப்பான் என்று மூன்று வழிகள் உள்ளன. எழுத்துக்கூட்டலையும் கணக்கையும் பிரெய்லில் கற்ற மாணவருக்கே எழுத்தறிவு முழுமையாகும். ஒலிநூல் மட்டும் கேட்டு வளர்பவருக்கு ‘ல, ழ, ள’ வேறுபாடு காதோடு நின்றுவிடக்கூடும். மேல்வகுப்பில் நூல்களின் அளவு பெருகும்போது திரைவாசிப்பான் கைகொடுக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ மென்பொருள் தமிழைப் படிக்கும், கோப்பு யூனிகோடில் இருந்தால். பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட வினாத்தாளும் படமாக ஸ்கேன் செய்த பாடக்குறிப்பும் அதற்குப் புரியா. ஆசிரியர் யூனிகோடில் தட்டச்சிடுவது ஒன்றே வகுப்பில் உள்ள பார்வையற்ற மாணவருக்குப் பெரிய வசதி.

நூல்களை இவ்வாறு மாற்றுவதற்குப் பதிப்புரிமை தடையில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 2012-இல் இதற்காகத் திருத்தப்பட்டது. பார்வையற்றோருக்கான நூல்கள் குறித்த மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலில் உறுதிசெய்த நாடும் இந்தியாதான்.

காதுகேளாத மாணவருக்கு எழுத்துத் தமிழே இரண்டாம் மொழி. சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு, அது தமிழின் கையசைவு வடிவம் அன்று. இந்திய சைகை மொழிக்கான தேசிய ஆய்வு மையம் 2015-இல் தொடங்கியது. பாடநூல்களைச் சைகை மொழிக் காணொளிகளாக்க 2020-இல் அந்த மையமும் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுவும் ஒப்பந்தம் செய்தன. அறிவுசார் குறைபாடுள்ள மாணவருக்கு வேண்டியது தனிநபர் கல்வித் திட்டம். வகுப்புப் பாடத்தில் அவர் எதைக் கற்பார், எவ்வளவு நாளில், எப்படி அளக்கப்படும் என்பதை ஆசிரியரும் பயிற்றுநரும் பெற்றோரும் சேர்ந்து எழுதும் திட்டம் அது.

தேர்வு

தமிழ்நாட்டில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் மாற்றுத்திறன் மாணவர்களுக்கு, குறைபாட்டின் வகையைப் பொறுத்து, சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், மொழிப்பாடம் ஒன்றிலிருந்து விலக்கு, தரைத்தள அறை முதலிய சலுகைகள் உண்டு. இவற்றுக்குத் தலைமையாசிரியர் வழியாக, மருத்துவச் சான்றுடன், முன்கூட்டியே அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் அனுமதி பெற வேண்டும். கற்றல் குறைபாடு பத்தாம் வகுப்பில்தான் கண்டறியப்பட்டால் சான்றிதழும் அனுமதியும் தேர்வுக்கு முன் வந்து சேர்வது அரிது. மூன்றாம் வகுப்பில் தவறவிட்டதன் விலை இங்கே தெரிகிறது.

மைய அரசின் போட்டித் தேர்வுகளுக்கு 2018 ஆகஸ்டு 29-இல் வழிகாட்டுதல் ஒன்று வெளியானது. தேர்வின் ஒவ்வொரு மணிக்கும் குறைந்தது இருபது நிமிடம் ஈட்டு நேரம் என்பது அதன் கணக்கு. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இந்த உரிமையை மேலும் விரித்தன. விகாஷ் குமார் வழக்கில் (2021 பிப்ரவரி 11) எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் எழுத்தர் பிடிப்பு உள்ள தேர்வருக்கு எழுத்துதவியாளரை மறுத்தது தவறு என்றும், அந்த உதவி பெற 40 விழுக்காடு பாதிப்பு கட்டாயம் இல்லை என்றும் நீதிமன்றம் கூறியது. அதைத் தொடர்ந்து 2022 ஆகஸ்டு 10-இல் 40 விழுக்காட்டுக்குக் குறைந்தவர்களுக்கும் வழிகாட்டுதல் வந்தது. அவ்னி பிரகாஷ் வழக்கில் (2021 நவம்பர் 23) எழுத்துக் குறைபாடுள்ள மாணவிக்கு நீட் தேர்வு மையம் கூடுதல் நேரத்தை மறுத்தது. விதி இருந்தும் மையத்தில் இருந்தவர்கள் அதை அறியவில்லை. அநீதியைச் சரிசெய்யும் பொறுப்பு தேர்வு முகமைக்கு உண்டு என்று நீதிமன்றம் சொன்னது, ஆனால் மறுதேர்வு நடத்த உத்தரவிடவில்லை. தேர்வறையில் இழந்த ஒரு மணி நேரத்தை எந்தத் தீர்ப்பாலும் முழுமையாகத் திருப்பித்தர முடிவதில்லை.

கல்லூரி

உயர்கல்வியில் ஐந்து விழுக்காடு ஒதுக்கீடும் சேர்க்கைக்கான வயது வரம்பில் ஐந்தாண்டுத் தளர்வும் சட்டத்தின் 32-ஆவது பிரிவு தருபவை. இதற்கு 40 விழுக்காட்டுச் சான்று வேண்டும். மருத்துவப் படிப்பில் நேர்மாறான சிக்கல் எழுந்தது: பாதிப்பு வரம்புக்கு மேல் என்று சொல்லி மாணவர்கள் விலக்கப்பட்டார்கள். ஓம்கார் கோண்ட் வழக்கில் (2024 அக்டோபர் 15) உச்ச நீதிமன்றம், விழுக்காடு மட்டுமே ஒருவரைத் தகுதியிழக்கச் செய்யாது, அவரால் படிப்பைத் தொடர முடியுமா என்பதை மதிப்பீட்டுக் குழு தனித்தனியே ஆராய வேண்டும் என்று முடிவு செய்தது.

பள்ளியில் சிறப்புப் பயிற்றுநர் இருக்கிறார், கல்லூரியில் பெரும்பாலும் அப்படி ஒருவர் இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்ப வேண்டியவை சமவாய்ப்பு மையங்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட அணுகல் தரங்கள் கட்டடம், நூலகம், இணையதளம், தேர்வு அனைத்தையும் தொடுகின்றன. மைய அரசின் உதவித்தொகைகள் ஒன்பதாம் வகுப்பில் தொடங்கி முனைவர் பட்ட ஆய்வு, வெளிநாட்டுப் படிப்புவரை உள்ளன. பள்ளி, கல்லூரி உதவித்தொகைகளுக்குத் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்புக்கு முன்னும் பின்னும் தரப்படும் தொகைகளுக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாநில அரசின் உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுக வேண்டும்.

உரிமை மறுக்கப்பட்டால்

முறையீட்டுக்கும் படிநிலை உண்டு. முதலில் தலைமையாசிரியர், வட்டார வள மையம், மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர். அடுத்து மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர். சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி ஒவ்வோர் அரசு நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து முறையீடுகளைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அதற்கும் மேல் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். ஆட்களை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் அவருக்கு உண்டு. தென்காசி மாவட்டத்துக்கு நீதிப்பேராணை கோரும் இடம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. சட்டத்தை மீறினால் முதல்முறை பத்தாயிரம் ரூபாய்வரையும் மீண்டும் மீறினால் ஐம்பதாயிரம் முதல் ஐந்து லட்சம்வரையும் அபராதம் விதிக்கலாம்.

வழக்குக்குப் போகுமுன் கையில் உள்ள இன்னொரு கருவி பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கினர் பெற்றோர். வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் உண்டு. 2012 திருத்தத்துக்குப் பின் மாற்றுத்திறன் குழந்தைகளின் பெற்றோரும் அந்தப் பிரிவில் அடங்குவர். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தீட்டுவது இந்தக் குழுவே. ஆறு மீட்டர் சாய்தளம், கைப்பிடியுள்ள கழிப்பறை, பயணப்படி கேட்கும் விண்ணப்பம், பயிற்றுநர் வரும் நாட்களின் பதிவு ஆகியவற்றை அத்திட்டத்தில் எழுத்தாக ஏற்றிவிட்டால், பின்னர் எந்த அலுவலகத்திலும் எந்த நீதிமன்றத்திலும் காட்டக்கூடிய ஆவணம் அது.